மொட்டைமாடித் திறப்பு யாரிடம்?

சித்திரை வருசப்பிறப்புக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வருவதற்கு முன் கொழும்பில் ஒரு கிழமை இருக்கிறது. காலி வீதியில் பஸ் குறைவு, கடைகள் பாதி பூட்டு. ஹோர்ன் சத்தம் அடங்கியதால் வெள்ளவத்தை ஒழுங்கைகளுக்குள் கடல் இரையிறது கேட்கும். பள்ளிக்கூடம் இல்லை, ரியூசன்கூட இல்லை. ஆனால் வெக்கை இருக்கிறது. ஏப்ரல் 5 தொடங்கி 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர்மேலே வருவதாக வளிமண்டலவியல் திணைக்களம் வருடா வருடம் அறிவிக்கும். எங்கள் அம்மம்மாமாருக்கு அந்த அறிவிப்புத் தேவையில்லை. பல்கனிக்குள் வெயில் எந்த ஓட்டில் விழுகுது என்று பார்த்தே சொல்லிவிடுவார்கள். அந்த நாட்கள் கழிந்த பிறகும், மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை வந்து இறங்கும்வரைக்கும் கொழும்பின் கோடை எழும்பிப் போக மனமில்லாமல் படுத்துக்கிடக்கும்.

இந்தக் கடைசிக் கோடையை ரசிக்கலாம் என்பதுதான் எங்கள் கட்சி. தொடர்மாடியில் இருந்துகொண்டே ரசிக்கலாம். நுவரெலியாவுக்கு வான் பிடிக்கத் தேவையில்லை, ஹோட்டல் நீச்சல்குளத்துக்குக் காசு கட்டத் தேவையில்லை. எங்கள் தலைக்குமேலே, ஏழாம் மாடிக்கும் வானத்துக்கும் நடுவிலே, அதற்கான இடம் சும்மா கிடக்கிறது. அதற்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை.

நாங்கள் வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை, தெமட்டகொட என்று வெவ்வேறு இடங்களில் பிளட்ஸுக்குள் வளர்ந்தவர்கள். சிலர் சொந்த வீட்டில், கனபேர் வாடகை வீட்டில். இதை எழுதுவதற்கு முன் ஒருவரையொருவர் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தோம்: உங்கடை பில்டிங் மொட்டைமாடிக்கு நினைச்ச நேரம் போகலாமா? ஒரேயொரு ஆள் மட்டும் ஓம் என்றார். அவருடைய பில்டிங்கில் அந்தக் கதவின் பூட்டு உடைந்து இரண்டு வருசம், திருத்த இன்னும் ஆள் வரவில்லை.

தொடர்மாடி வெக்கையைத் தனிவீட்டுக்காரருக்கு விளங்கப்படுத்துவது கொஞ்சம் கஷ்டம். ஊர் வீட்டில் பகல் எவ்வளவு கொதித்தாலும், பொழுதுபட்டால் முற்றத்துக்குத் தண்ணி தெளித்துப்போட்டு, வேப்பமரத்துக்குக் கீழே கதிரையை இழுத்துப்போட்டு இருக்கலாம். கொங்கிறீற் அப்படி விடாது. பகலெல்லாம் குடித்த வெயிலை இரவிலே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும். இரவு பத்து மணிக்குச் சுவரில் கைவைத்தால் காய்ச்சல்காரரின் நெற்றி மாதிரி இருக்கும். கொழும்பில் வெப்பமானி பெரிய எண்ணைக் காட்டாது, 32, 33 பாகைதான். ஆனால் காற்றில் ஈரப்பதன் கூட, வியர்வை காயாது. அதனால்தான் திணைக்களமும் வெப்பநிலையை மட்டும் சொல்லாமல் வெப்பச் சுட்டெண் என்று இன்னொன்றையும் சொல்லி எச்சரிக்கிறது. உடம்பு உணர்கிற சூடு அதுதான்.

ஏசி இருக்கே என்பீர்கள். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதம். பிறகு குறைத்தார்கள்தான். ஆனால் அந்த பில்களைப் பார்த்த பயம் எங்கள் வீடுகளில் இன்னும் போகவில்லை. ‘படுக்கப்போகேக்கை ஒரு மணித்தியாலம் மட்டும்’ என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் ஏசிச் சட்டம். அதைவிட, ஏசி சூட்டை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. ஐந்தாம் மாடி மாஸ்டர் பெட்றூம் குளிருவதற்காக வெளியே தள்ளப்படுகிற அனல், பில்டிங்குக்கு நடுவிலே இருக்கிற காற்றுத்துவாரத்துக்குள் ஏறி ஆறாம் மாடிக் குசினி ஜன்னலால் உள்ளே வரும். அந்தக் குசினியில் நிற்கிறவர் யாரென்றும் யோசித்துப் பாருங்கள்.

சித்திரை மாதம் இரண்டு பருவக்காற்றுகளுக்கு நடுவிலே வருகிற காலம். நிலையான காற்று இல்லை. பின்னேரம் கடல்காற்று கொஞ்சம் வரும். மரைன் டிரைவ் ஓரத்தில் வரிசையாக எழும்பி நிற்கிற கட்டடங்கள் அதை வாங்கி வைத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் பின்னால் விடும். காலி வீதிப் பக்கம் இரண்டாம் மாடியில் இருப்பவருக்குக் கடல் நானூறு மீற்றரில் இருந்தும் காற்று இல்லை. ஆனால் அதே கட்டடத்தின் உச்சிக்குப் போனால் காற்று இருக்கிறது! ஐந்தரை மணிக்கு மேலே ஏறி நின்றால் சேர்ட் படபடக்கும். கடற்கரை ரெயில் ஒன்று நீளமாக ஊதிக்கொண்டு போவது சின்னதாகத் தெரியும். ஒரு பக்கம் கடலுக்குள் சூரியன் இறங்க, மற்றப் பக்கம் அவிசாவளைத் திசையில் பின்னேர இடிமுகில் கறுத்துக்கொண்டு எழும்பும். அந்த மழை சிலநாள் இங்கேயும் வரும், சிலநாள் குளிர்ந்த மண்வாசத்தை மட்டும் அனுப்பிவிட்டு அங்கேயே கொட்டித் தீர்ந்துவிடும். இதைப் பார்க்க ஒரு சதமும் செலவில்லை.

வடகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வேம்பு பூக்கிற காலம் இது. யாழ்ப்பாணத்தில் முற்றத்தில் துணி விரித்துப் பூவைப் பொறுக்கி, இரவு பஸ்ஸில் பார்சலாகப் போட்டுவிடுவார்கள். உழுந்தை ஊறவைத்து அரைத்து, வேப்பம்பூ, செத்தல்மிளகாய், வெங்காயம் எல்லாம் சேர்த்துக் குழைத்துத் தட்டி வெயிலில் வைக்கவேண்டும். நல்ல வெயில் என்றால் சில நாளில் கலகலவென்று காய்ந்துவிடும். வெயில் பிழைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். மழை தொடங்குவதற்கு முன்னான இந்தக் கிழமைகள்தான் அதற்குக் கடைசிச் சந்தர்ப்பம். மோர்மிளகாய்க்கும் அப்படித்தான். எங்களில் ஒருவரின் அம்மம்மா மூன்றாம் மாடிப் பல்கனியில், ஏசியின் வெளிப்பெட்டிக்கு மேலே சுளகை வைத்துக் காயவைக்கிறார். அங்கே ஒரு நாளைக்கு ஒன்றரை மணித்தியாலம்தான் வெயில் வரும். வெயில் நகர நகரச் சுளகையும் நகர்த்துவார். மேலே, அவருடைய தலைக்கு நான்கு மாடி உயரத்தில், காலை ஏழிலிருந்து பின்னேரம் ஐந்துவரை முழு வெயிலும் தண்ணி டாங்குக்கும் காகத்துக்கும் அடிக்கிறது.

அவர் கமிட்டி அங்கிளிடம் திறப்புக் கேட்டார். கிடைத்த பதில், “அக்கா, கடையிலை பக்கெற்றிலை விக்கிறாங்கள்தானே!”

இந்தப் பூட்டு எப்போதிருந்து இருக்கிறது என்று பெரியவர்களிடம் விசாரித்தோம். அவர்கள் சொன்னது எங்களைக் கொஞ்சநேரம் பேசாமல் இருக்க வைத்தது. வெள்ளவத்தையில் பிளட்ஸ் பெருகின காலம் யுத்தகாலம். வடக்குக் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள், வெளிநாடு போக ஏஜென்சிக்குக் காத்திருந்தவர்கள், பிள்ளைகள் அனுப்புகிற காசில் வீடு வாங்கின தாய்தகப்பன்மார் என்று ஒவ்வொரு மாடியும் நிரம்பியது. பொலிஸ் பதிவு, இரவுச் சோதனை, அடையாள அட்டை. அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பெடியன் இரவில் மொட்டைமாடியில் கையில் போனோடு நிற்பது சும்மா விசயமில்லை. கீழே றோட்டில் நிற்கிற ஆமிக்காரர் பார்த்தால் முழுக் கட்டடமும் பதில் சொல்லவேண்டி வரும். 2007 ஜூன் 7 விடியப்புறம் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 370க்கு மேற்பட்ட தமிழர்களைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். அடுத்தநாள் உயர்நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. அப்படியொரு ஊரில் கதவைப் பூட்டிவைத்த பெரியவர்களைக் குறைசொல்ல எங்களுக்கு வாய் வராது. எங்களைக் காப்பாற்றத்தான் பூட்டினார்கள்.

ஆனால் 2009 முடிந்து எவ்வளவு காலம்? சோதனைச்சாவடி போய்விட்டது, பதிவுப் படிவம் போய்விட்டது, பூட்டு மட்டும் நிற்கிறது. ஏன் பூட்டினது என்று தெரியாதவர்கள் இப்போது கமிட்டியில் இருக்கிறார்கள். ‘ரூல்ஸ்’ என்கிறார்கள். எழுதின ரூல்ஸைக் காட்டுங்கோ என்றால் ஒருவரிடமும் இல்லை.

அந்தப் பூட்டு ஒருமுறை திறபட்டதை நாங்கள் கண்டிருக்கிறோம். 2022 மார்ச் கடைசி. ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை, லிஃப்ட் இல்லை, ஃபான் இல்லை. வீட்டுக்குள் இருக்க ஏலாமல் சனம் முதலில் கொரிடோருக்கு வந்தது, பிறகு படிக்கட்டுக்கு. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ செக்யூரிட்டி ஐயா தானாகவே மேலே போய்க் கதவைத் திறந்துவிட்டார். பாய், தலையணை, பிளாஸ்க்கில் பிளேன்ரீ, சார்ஜ் குறைந்த போன்கள். பத்து வருசமாக லிஃப்டுக்குள் ‘குட் மோர்னிங்’ மட்டும் சொன்ன 4பி ஆன்ரி ஒரு காலத்தில் கூடைப்பந்து விளையாடினவர் என்று அன்றைக்குத்தான் தெரியும். சிங்கள வீட்டுப் பிள்ளைகளும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் வீட்டுச் சின்னனுகளும் இருட்டில் ஒளிச்சுப்பிடிச்சு விளையாடினார்கள். அடுத்தநாள் காஸ் கிடைக்குமா, பெற்றோல் வருமா என்று பெரியவர்கள் கதைத்தார்கள். அந்த நாட்கள் திரும்ப வரவேண்டும் என்று ஒருவரும் கேட்கமாட்டோம். மருந்து இல்லாமலும் வரிசையில் நின்றும் செத்தவர்களின் வருசம் அது. ஆனாலும் வெக்கைக்கு மனிசர் எங்கே போகவேணும் என்று அந்தக் கிழமைகளில் எல்லாருக்கும் விளங்கியது. கரண்ட் ஒழுங்காக வந்ததும் கதவு திரும்பப் பூட்டுப்பட்டது. கூட்டமும் இல்லை, அறிவித்தலும் இல்லை.

சட்டத்தையும் கொஞ்சம் பார்த்தோம். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க அடுக்குமாடி உடைமைச் சட்டத்தின்படி, பதிவு செய்யப்பட்ட கட்டடத்தில் ஒரு வீட்டை வாங்குகிறவர் அந்த நாலு சுவரை மட்டும் வாங்குவதில்லை. படிக்கட்டு, நடைபாதை மாதிரியான பொதுக்கூறுகளிலும் பிரிக்கப்படாத ஒரு பங்கு அவருக்கு வருகிறது. மொட்டைமாடியும், வரைபடத்தில் தனியொரு வீட்டுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தால் ஒழிய, அந்தக் கணக்கில்தான். அதைப் பராமரிப்பது உரிமையாளர்கள் எல்லாரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். கமிட்டி என்று நாங்கள் சொல்லுவது அந்தக் கூட்டுத்தாபனம் தெரிவுசெய்கிற சில பேரைத்தான். மேலே, கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை என்று ஒரு அரச நிறுவனமும் இருக்கிறது. ஆக, திறப்பு கமிட்டித் தலைவரின் சட்டைப்பைக்குள் இருக்கலாம். மொட்டைமாடி அவருடையது இல்லை.

ஆனால் இதிலே ஒரு சிக்கல். சட்டம் உரிமையாளரைப் பற்றித்தான் கதைக்கிறது. வெள்ளவத்தை பிளட்ஸில் எத்தனை உரிமையாளர் குடியிருக்கினம்? வாக்கு இருக்கிறவர் ஸ்காபரோவில் இருக்கிறார், வியர்க்கிறது வாடகைக்காரருக்கு. வருடாந்தக் கூட்டத்துக்கு அவர் வரமாட்டார், கமிட்டியில் உள்ள சொந்தக்காரருக்கு வாட்ஸ்அப்பில் ‘நீங்களே பாருங்கோ’ என்று அனுப்பிவிடுவார். மெயின்டனன்ஸ் காசு மாதாமாதம் எங்களிடம்தான் வாங்குகிறார்கள். மொட்டைமாடியைப் பற்றிக் கதைக்கப் போனால் “நீங்கள் டெனன்ட் தானே தம்பி” என்கிறார்கள். சில கட்டடங்களில் அதே மொட்டைமாடி போன் கொம்பனியின் அன்ரெனாவுக்கு வாடகைக்குப் போயிருக்கிறது. அந்த ரெக்னீசியன்மாருக்குத் திறப்புக் கொடுக்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்து நியாயங்களில் ஒன்றை நாங்கள் முழுசாக ஏற்றுக்கொள்கிறோம்: பாதுகாப்பு. பழைய கட்டடங்கள் சிலவற்றில் மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் இடுப்புக்குக்கூட வராது. சின்னப் பிள்ளைகள் ஏறினால் பயம்தான். சித்திரையில் மின்னலும் கூட, இடி கேட்டால் முதலில் இறங்கவேண்டிய இடம் மொட்டைமாடி. மனம் உடைந்து ஒரு ஆள் மேலே போகலாம் என்ற பயமும் இருக்கிறது, அதைப் பகிடியாக எடுக்க நாங்கள் தயாரில்லை. இதற்கெல்லாம் வழி, சுவரை உயர்த்துவது, கம்பிவலை அடிப்பது, நேரம் வைப்பது, ஒரு ஆளைப் பொறுப்பாக விடுவது. லொபிக்கு இத்தாலி மாபிள் போடக் காசு சேர்த்த கட்டடங்களுக்கு ஒரு கம்பிவலை பெரிய செலவில்லை.

இன்னொன்று: பூட்டி வைத்தால்தான் பாதுகாப்பு என்பதும் சரியில்லை. ஒருவரும் போகாத மொட்டைமாடியில் பீலி அடைத்திருப்பதை யார் காண்பது? தண்ணி டாங்கின் மூடி காற்றுக்குக் கழன்று கிடப்பதை? முதல் மழை வந்து தேங்கி, நுளம்பு பெருகி, நாலாம் மாடிப் பிள்ளைக்கு டெங்கு வந்து, பி.எச்.ஐ. வந்து கதவைத் திறக்கச் சொன்ன பிறகுதான் மேலே ஒரு குளம் இருப்பது தெரியவரும். பின்னேரப் பின்னேரம் நாலு பேர் போய்வந்தால் இது நடக்காது.

சொல்லாத காரணம் ஒன்றும் இருக்கிறது. ‘பெடியளும் பெட்டையளும் போய் நிப்பினம்.’ கமிட்டிக் கூட்டங்களில் இதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ‘டிசிப்ளின்’ என்ற சொல்லுக்குள் சுற்றி வைப்பார்கள். சரி, நிற்போம். கதைப்போம். அதில் என்ன? பெடியன்களுக்குப் பின்னேரம் போக மரைன் டிரைவ் இருக்கிறது. தண்டவாளத்தைத் தாண்டிக் கல்லுகளில் இருக்கலாம், ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வரலாம். எங்களில் பெண்பிள்ளைகளாக இருப்பவர்களுக்கு அதே றோட்டில் இருபது நிமிசம் தனியாக நடந்தால் எத்தனை விசில், எத்தனை ‘நங்கி’, வீட்டுக்கு வந்தால் எத்தனை கேள்வி. ஒரு இளம்பெண் வெளிக்காற்றில், ஒருவருக்கும் பதில் சொல்லாமல், ஒரு புத்தகத்தோடு இருக்கக்கூடிய இடம் தன்னுடைய கட்டடத்தின் உச்சிதான். அதையும் பூட்டினால் கோடை விடுமுறை அவளுக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையும் போனும்தான். எங்கள் தோழி ஒருத்தி கமிட்டி அங்கிளிடம் கேட்டபோது “தங்கச்சி, மேலை ஒண்டுமில்லை, தண்ணி டாங்க் மட்டும்தான்” என்றார். “காத்து இருக்கு அங்கிள்” என்றாள் அவள். அவர் சிரித்தார். திறப்பு வரவில்லை.

எங்களில் தெமட்டகொடப் பக்கம் இருந்து வருகிறவர் இந்தக் கட்டுரையின் முதல் வரைவைப் படித்துவிட்டு, “உங்கடை வெள்ளவத்தைக் கவலை நல்ல கவலை” என்றார். அவர் இருப்பது நகர அபிவிருத்தி அதிகாரசபை கட்டின உயர்மாடிகளில் ஒன்று. தோட்டங்களிலும் முடுக்குகளிலும் இருந்த குடும்பங்களை எடுத்து இப்படியான கட்டடங்களுக்குள் வைத்தார்கள். 2001இல் திறக்கப்பட்ட சஹஸ்புர இதற்கு முன்னோடி. அவருடைய வீடு நானூறு சதுர அடி. ஆறு பேர். வீட்டு வாசல் திறப்பது வெளிச்சம் குறைந்த ஒரு நீளக் கொரிடோருக்கு. முடுக்கு வீட்டில் கூரைத் தகரம் கொதித்தாலும், வாசற்படியில் குந்தியிருந்து போறவாற ஆளோடு கதைக்கலாம். குழாயடியில் நிற்கலாம், பிள்ளை கண்ணுக்கு முன்னாலே விளையாடும். இங்கே அந்தப் படியும் இல்லை. ஆக்கள் கொரிடோரிலேயே பாய் போட்டு இருக்கிறார்கள். கரம் போர்ட், ஐஸ்பழப் பெட்டி, தையல் மெசின் எல்லாம் அங்கேதான். அதுவும் ‘தடை’ என்று அறிவித்தல் ஒட்டியிருக்கிறதாம். எங்களுக்கு மொட்டைமாடி மிச்ச இடம். அவருக்கு அது வீட்டின் மூச்சு. நாங்கள் வரைவைத் திருத்தினோம், ஆனால் அவருடைய கட்டடத்தைப் பற்றி அவர்தான் தனியாக எழுதவேண்டும். எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.

வேலைக்கு வருகிற அக்காமாரையும் செக்யூரிட்டி ஐயாமாரையும் விட்டுவிட்டு ‘எல்லாருக்கும் மொட்டைமாடி’ என்று கேட்கிற கூட்டத்தோடு எங்களுக்கு உடன்பாடில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். பகல் பன்னிரண்டு மணித்தியாலம் கீழே தகரக் கூண்டுக்குள் இருக்கிற அந்த ஐயாவுக்குத்தான் கட்டடத்திலேயே வெக்கை அதிகம். 2022இல் கதவைத் திறந்தது யார் என்றும் ஞாபகம் இருக்கட்டும்.

நாங்கள் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. பின்னேரம் ஐந்திலிருந்து எட்டரைவரை கதவு திறந்திருக்கட்டும். காலையில் காயவைக்கிறவர்களுக்கு ஒரு மூலை. திறப்பு செக்யூரிட்டி மேசையில், ஒரு கொப்பியோடு. கைப்பிடிச்சுவரை இந்த வருசமே உயர்த்துங்கள். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் பெரிய ஆள் கூட வரவேணும். சிகரெட் வேண்டாம், ஸ்பீக்கர் வேண்டாம், இடி கேட்டால் இறங்கவேணும். வாடகைக்காரருக்கும் இதில் சொல்லு இருக்கவேணும். பூவரசம் சருகு அடைத்த பீலியை மாதம் ஒருக்கால் நாங்களே கூட்டி அள்ளுகிறோம், விளக்குமாறு மட்டும் தந்தால் போதும்.

வருடாந்தக் கூட்டத்துக்கு இன்னும் மாதங்கள் கிடக்கிறது. மழைக்கு மிஞ்சினால் மூன்று கிழமை. அதனால் கூட்டம்வரை பொறுக்காமல் ஒவ்வொரு கட்டடத்திலும் இந்தக் கிழமையே ஒரு கடிதம் கொடுக்கிறோம், மாடிக்கு ஒரு கையெழுத்தாவது சேர்த்து. எங்கள் கட்டடம் ஒன்றில் இதுவரை பதினொரு கையெழுத்து. முதலாவது அந்த அம்மம்மாவுடையது. 4பி ஆன்ரி ஊரால் வந்ததும் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.